எட்டு நாற்பத்தேழு

என்னை உங்களுக்குப் பிடிக்க வேண்டியதில்லை.
என் நாய்க்கே பிடிக்காது. பிஸ்கட்டுக்குத்தான் வாலாட்டுகிறது.

வார்சாவில், ஆற்றுக்கு அக்கரையில்,
பழைய டிராக்டர் கிடங்கில் எங்கள் ஸ்டூடியோ.
பாடத் தெரிந்தவர்களைப் பொறுக்குவது மூன்றாம் மாடி.
நான் இரண்டாம் மாடி:
பாடுகிறவர்களுக்கு வீட்டில் என்ன கஷ்டம் என்று
கேட்டுக் குறித்துக்கொள்பவன்.
அப்பா குடித்தால் ஒரு நட்சத்திரம்.
தம்பிக்குக் காது கேட்காவிட்டால் இரண்டு.
சந்தோஷமான குடும்பமா?
குரல் பிரமாதம், அடுத்த ஆண்டு வாருங்கள்,
அதற்குள் ஏதாவது நடக்கும்.

யாகோடாவுக்கு நான்கு போட்டேன்.
ஊர் பீட்டோம். சுரங்கம் மூடிய தெரு.
அம்மாவுக்குக் கணையத்தில் புற்று.
"எவ்வளவு நாள் என்கிறார்கள்?"
"வசந்தம் வரை."
இறுதிச்சுற்று ஏப்ரலில்.
காலண்டரைப் பார்த்துத் தலையாட்டினேன்.
அதை அவள் ஆறுதல் என்று எடுத்துக்கொண்டாள்.

அன்று எல்லோருடைய போன்களும் என் மேஜை டிராயரில்.
விதி. நான் எழுதிய விதி.
நாலு பத்துக்கு அவளுடையது அதிர்ந்தது,
தீப்பெட்டிக்குள் அடைத்த வண்டு மாதிரி.
எடுத்தேன். அவள் சித்தி.
"சொல்லிவிடுகிறேன்" என்றேன்.
பொய் இல்லை.
எப்போது என்று அவர் கேட்கவில்லை.

நாலரைக்கு ஒத்திகை.
புது ஹீல்ஸ் குதிகாலைக் கடித்து
யாகோடா மேடைப் படியில் உட்கார்ந்து அழுதாள்,
குழந்தை மாதிரி, மூக்கு ஒழுக.
ஒப்பனைக்காரி தெக்லா பிளாஸ்திரி ஒட்டினாள்.
மூன்றாம் கேமராவை அணைக்க யாரும் சொல்லவில்லை.

எட்டு நாற்பத்தேழு. பாட்டு முடிந்தது.
நானே மேடையேறினேன்.
கறுப்புச் சட்டை, காலையிலேயே தேய்த்து வைத்தது.
காதில் சொன்னேன். மைக் திறந்திருந்தது.

அவள் அழவில்லை.

நாடே பார்த்துக்கொண்டிருக்க
குனிந்து ஹீல்ஸைக் கழற்றினாள்.
ஒன்று. பிறகு மற்றது.
இரண்டையும் ஜோடியாக ஓரம் வைத்துவிட்டு,
"பஸ் எத்தனை மணிக்கு?" என்றாள்.

நாசமாய்ப் போச்சு என்று என் காதுக்குள் இயக்குநர் அலறினான்.
நான் நிதானமாகச் சொன்னேன்:
நாலரை மணி டேப். கேமரா மூன்று.
முகம் மட்டும். குதிகால் வேண்டாம்.

எழுபது லட்சம் பேர் அன்றிரவு
ஒரு கொப்புளத்துக்காக அழுதார்கள்.
போஸ்னானில் ஒரு பாதிரியார்
அதை வைத்து ஞாயிறு பிரசங்கமே செய்தார்.
பிணத்தின் நெற்றிக்காசைக்கூட விடமாட்டாய் என்று
தெக்லா மட்டும் முகத்துக்கு நேரே சொன்னாள்.
அடுத்த சீசனுக்கு வாய் குறைந்த ஒருத்தி கிடைத்தாள்.
எனக்கு விருது. கண்ணாடிப் பறவை.
ஒரு சிறகை நாய் உடைத்துவிட்டது.

போன மாதம் கட்டோவிட்ஸே ரயில் நிலையத்தில் யாகோடா.
இப்போது ஏதோ பள்ளியில் பாட்டு டீச்சர்.
ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.
"அன்று எப்படி அழுதேன், பான் லெஸ்வாவ்!
நீங்கள் மட்டும் பக்கத்தில் இல்லையென்றால்..."
நான் அவள் காலைப் பார்த்தேன். தட்டைச் செருப்பு.

ஆண்டுதோறும், அம்மா போன அதே நேரத்துக்கு
மெழுகுவர்த்தி ஏற்றுகிறாளாம்.
"எட்டு நாற்பத்தேழுக்கு" என்றாள்.

சித்தி சொல்லவில்லை.
சித்தி வீட்டில் நாங்கள் கொடுத்த ஃபிரிட்ஜ்
இன்னும் நன்றாக ஓடுகிறதாம்.

நாலு பத்து என் வாய்வரை வந்தது.
ரயிலும் வந்தது.
சொல்லியிருக்கலாம்தான்.
ஆனால் பாருங்கள், எட்டு நாற்பத்தேழு நல்ல நேரம்:
விளம்பரம் முடிந்து
எல்லோரும் சோபாவுக்குத் திரும்பியிருப்பார்கள்.