பத்துக்கு எட்டு

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும்போதுதான்
எங்கள் ஃபிளெக்ஸ் கடைக்குக் கூட்டம் வரும்.
காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வட்டச் செயலாளர் பிறந்தநாள்,
அப்புறம் அந்தக் கறுப்பு பார்டர் போட்டது.

மற்றதற்கெல்லாம் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள்.
கறுப்பு பார்டருக்கு மட்டும்
யார் கல்யாணத்திலோ பந்தியின் ஓரத்தில் பாதி முகம்,
தாடையை மறைத்துப் பக்கத்து இலை அப்பளம்,
வாட்ஸ்அப்பில் ஏழு கை மாறி வந்த எழுபது கேபி.

அதைப் பத்துக்கு எட்டடி இழுக்க வேண்டும் நான்.
இழுத்தால் முகம் கட்டம் கட்டமாகப் பெயரும்.
போன ஆடியில் டிரெய்லர் டிரைவர் தணிகாசலத்துக்கு
கண் இருக்க வேண்டிய இடத்தில்
நான்கு சாம்பல் சதுரங்கள்.
கம்பத்தில் ஏற்றிக் கட்டும்போது அவர் மகள் அண்ணாந்து
"அப்பாவா?" என்றாள்.
யாரும் பதில் சொல்லவில்லை.

அந்த வாரம்தான் சீட்டை ஏலத்தில் எடுத்தேன்.
தள்ளுபடி போகப் பன்னிரண்டாயிரத்து நானூறு.

அதற்குப் புதுசு கிடையாது.
ஷோரூம் பையன் தவணை என்று ஆரம்பித்தான்,
ஃபிரிட்ஜ் தவணையே இன்னும் ஓடுகிறது, வந்துவிட்டேன்.
பர்மா பஜாரில் சிக்கந்தர் பாய் இரண்டை எடுத்து வைத்தார்.
ஒன்று இருபத்துநாலு மெகாபிக்சல், பளபளப்பு,
லென்ஸுக்குள் மட்டும் சிலந்திக் கால் போல ஒரு பூஞ்சை.
இன்னொன்று பத்து மெகாபிக்சல்,
உரிந்த ரப்பர் பிடியில் பசை வாசனை,
மாட்டியிருந்த ஐம்பது எம்எம் மட்டும் சுத்தம்.

"ஷட்டர் எவ்ளோ ஓடியிருக்கு பாய்?"
"முப்பத்தோராயிரம். ஆட்டோ வாங்குற மாதிரி நெனச்சுக்கம்மா,
மீட்டரப் பாக்காத, சத்தத்தக் கேளு."
கேட்டேன்.
டப்.
டிபன் பாக்ஸ் மூடி விழுந்தது போல.

எண்ணுக்கு மயங்குகிறவள் இல்லை நான்.
பேனரை யாரும் மூக்கு உரசிப் பார்ப்பதில்லை,
சாலைக்கு அந்தப் பக்கம், பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கிறார்கள்.
பத்து தாராளம்.
ஜூம் எதற்கு, பின்னால் போகக் கால் இருக்கிறது
(சாக்கடை மூடி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் சரி).
வெளிச்சம்தான் இல்லை. எங்கள் சந்தில் நடுப்பகலுக்கே டியூப்லைட்.
அதற்கு ஒன்று புள்ளி எட்டு வரை திறக்கிற லென்ஸ் போதும்.
பதினொன்றரை என்றார். ஒன்பதே முக்காலில் முடிந்தது,
கூடுதலாக ஒரு பேட்டரி.
"உப்புக் காத்தும்மா. செருப்பு டப்பாவுல வருமே வெள்ளப் பொட்டலம்,
அத்த போட்டு மூடி வை."
திரும்பும் வழியில் எம்.சி. ரோட்டில் மூன்று செருப்புக் கடையில்
செருப்பு வாங்காமல் பொட்டலம் கேட்டேன்.

தொல்லை அப்புறம்தான் ஆரம்பித்தது.
எதற்கு வாங்கினேன் என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது.
கேமராவைத் தூக்கினால் கதவைச் சாத்துகிறார்கள்.
டீக்கடை அந்தோணிசாமி துண்டால் முகத்தை மூடி,
"எனக்கு ஒண்ணும் அவசரமில்லம்மா."
முதலாளி நாற்பது வருஷம் கழித்து வரச் சொன்னார்,
அவருக்கு அறுபத்தெட்டு.
ஒரு மாதம் முழுக்க நாய்களையும் கூட்ஸ் வண்டியையும் எடுத்தேன்.

காசிமேட்டு இறால் கூடையைக் கடை வாசலில் இறக்கி
சகாயமேரிதான் நேராகக் கேட்டாள்:
"அதுக்குத்தான் எடுக்கிறியாமே?"
ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.
"அப்ப ஒழுங்கா எடு. மூக்குத்தி தெரியணும்.
ஆதார் மூஞ்சிய வெச்சு என்ன அனுப்பிடாதீங்க."

ஈரக் கையால் முடியை அமுக்கி,
முந்தானையில் ஒட்டிய செதிலைத் தட்டிவிட்டு
மூடிய கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.
டப்.
"கண்ண மூட்டேனா?"
திரையில் மூடித்தான் இருந்தது.
"அத்த மொதல்ல அழி. இன்னொண்ணு எடு."

அழித்தேன்.
அதற்குள் கேட் தூக்கிவிட்டார்கள்,
அத்தனை ஹாரனும் ஒரே நேரத்தில்,
லாரி ஒன்று கூடையை உரசிக்கொண்டு போகிறது.
அவள் அசையவில்லை.
கண்ணை அகலத் திறந்துவைத்து
உதட்டை அசைக்காமல் என்னைத் திட்டுகிறாள்:
"அமுக்கேன்டி."