சமாதானபுரம் போகும் பேருந்து

வண்ணார்பேட்டையில் அப்பா ஏறினார், முன்படி வழியாக.
நான் பின்னால், ஆபீஸ்காரர்களோடு.
ஜோல்னாப் பை நிறையக் கைப்பிரதிகள்.

“வந்துட்டாருய்யா, பரலோகத்துக்கு டிக்கெட் கிழிக்க”
என்றார் எங்கள் கேஷியர்.
சிரித்தார்கள்.
நானும்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.
உலகம்மை வீட்டில் பிணம் எடுக்குமுன்
முற்றத்தில் நின்று கேட்டவர் இவர்:
“இவுக இப்ப எங்க இருப்பாகன்னு
நினைச்சுப் பாத்தீயளா?”
அன்று சாத்திய கதவுகள்
இன்னும் திறக்கவில்லை.

வெள்ளத்தின்போது அதே தெருவுக்கு
இடுப்பளவுத் தண்ணீரில்
பால் பவுடர் சுமந்ததை யாரும் மறுப்பதில்லை.
டின்னுக்கு அடியில் பிரதி ஒட்டியிருந்ததே,
அதையும் மறப்பதில்லை.

பொய் சொல்லத் தெரியாத மனிதர்.
கஷ்டமே அதுதான்.
நரகம் உண்டென்று நிஜமாகவே நம்புகிறார்.
“எரியுத வீட்ல தூங்குதவன
மெதுவாவா தட்டி எழுப்புவ?” என்பார்.
எரியவில்லை அப்பா.
அடுப்பு புகைகிறது,
அவர்கள் சோறு பொங்குகிறார்கள்
என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை.

இருக்கை இருக்கையாக வந்துகொண்டிருந்தார்.
ஒருவர் அதை மடித்து விசிறிக்கொண்டார்.
ஒரு பெண் கைக்குட்டையைப் பார்த்தபடி இருந்தாள்.
கேஷியர் வாங்கி, அவர் கண்ணெதிரே
ஜன்னல் வழியாக விட்டார்.
“ஸ்தோத்திரம்” என்றார் அப்பா.

பிறகு என்னிடம்.
பெயர் சொல்லவில்லை. கண் கூடச் சிமிட்டவில்லை.
முன்பின் தெரியாத ஒருத்திக்கு நீட்டுவதுபோல
எனக்கும் ஒன்று நீட்டினார்.

என் மானத்தைக் காப்பாற்றினாரா,
என்னையும் அவர்களோடு எண்ணிவிட்டாரா,
கேட்கவில்லை.

இரவு தட்டில் சோறு போட்டபோது
“பஸ்ஸுல கூட்டம்” என்றார்.
“ஆமா” என்றேன்.