இரண்டு கோவெண்டர்கள்

டோங்காட்டில் கல் எறிந்தால்
ஏதாவதொரு கோவெண்டர் வீட்டுக் கூரையில்தான் விழும்.
செவ்வாய்தோறும் ஆய்வக உறைகளைப் பிரிக்கும்போது
நாங்களே சொல்லிச் சிரித்ததுதான்.

"நேர்ந்துவிட்டது என்று எழுதுங்கள்,
செய்தோம் என்று வேண்டாம்" என்றது சட்டப்பிரிவு.
தமிழிலும் அந்த வசதி உண்டு:
தவறு நடந்துவிட்டது.
தானாக, கால் முளைத்து.

சாலாட்சி கோவெண்டர் எதிரே உட்கார்ந்திருந்தார்,
மடியில் கைப்பை. மகன் கைபேசியில் பதிவு செய்தான்.
செய்யட்டும்.

நான்தான் மாற்றி வைத்தேன் என்றேன்.
உங்கள் ரிப்போர்ட்டை இன்னொருவர் கோப்பில்.
மார்ச் மாதம் அது பட்டாணி அளவு.
பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பியதும் நான்தான்.
இப்போது அக்குள் வரை.

காகிதக் கைக்குட்டைப் பெட்டியை நகர்த்தினேன்.
அவர் என் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"பேர் கேட்டீங்க, பொறந்த தேதி கேட்டீங்க,
ஒவ்வொரு தரமும் கேட்டீங்களே,
எதுக்கு?"

பதில் இல்லை. இல்லை என்றே சொன்னேன்.

வெளியே கரும்பு லாரி ஒன்று
மேடேற முடியாமல் கியர் மாற்றிக்கொண்டிருந்தது.
அது போன பிறகு கேட்டார்:
"என்னோடது அந்தம்மாவுக்குப் போச்சுன்னா
அவங்களை என்ன செஞ்சீங்க?"

அதை அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றேன்.
"சொல்லலையா இன்னும்?"
"பத்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்."

மணி பத்து இருபது.
மகன் நீட்டிய கையைத் தட்டிவிட்டு எழுந்தார்.
வசவில்லை, மன்னிப்பில்லை.
கதவை மட்டும் மூடாமல் போனார்.

நடைக்கூடத்து பெஞ்சில் ஒரு பெண்,
நவம்பர் வெயிலிலும் சால்வையை
இடப்பக்கம் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு.
உயிரைக் காத்த டாக்டருக்கென்று
மடியில் ஒரு டப்பா முறுக்கு.