மூன்று நிமிடத்துக்கு மேல்

நாலாம் நாள் மத்தியானம்
சொட்டுமருந்துக் குழாயை எட்டிப் பிடித்துக்
காதில் வைத்துக்கொண்டார் என் மாமியார்.
“டிரங்க் புக்கிங். எந்த ஊர் வேணும்?”

நர்ஸ் பெண்ணுக்கு ஹாசன் பக்கம்.
“ஹாசன், அஜ்ஜி” என்றாள் சிரித்தபடி.
“ஹாசன் லைன் பிஸி. காத்திருங்க.”
அதற்குப் பிறகு ராத்திரிவரை பேச்சில்லை.

முப்பத்தொரு வருஷம் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர்
திர்சாள் பாக்கியமணி.
நைட் ஷிஃப்ட் முடித்து காக்ஸ் டவுன் மார்க்கெட்டில்
மத்தி வாங்கிக்கொண்டு நடந்தே வருவாராம்.
ஊராரின் சாவுச் செய்திகள்
அவர் காது வழியாகத்தான் போயிருக்கின்றன.
கோலார் சுரங்கத்தில் அவருடைய அப்பா போன செய்தியும்.
யாரோ யாருக்கோ சொல்ல,
இணைத்துக் கொடுத்தவர் இவர்.
ஷிஃப்ட் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.
பெற்ற பிள்ளைகளுக்குத் தெரியாது.
கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே
என்னிடம் ஒருமுறை சொன்னார்,
காம்பைக் கிள்ளிப் போடுகிற அதே வேகத்தில்.

கல்யாணமான புதிதில்
நான் அம்மாவோடு போனில் பேசினால்
சுவர்க்கடிகாரத்துக்குக் கீழே வந்து நிற்பார்.
மூன்றாவது நிமிஷம்
ஸ்பூனால் டம்ளரைத் தட்டுவார்.
அதற்காகவே அவரை ஒன்பது வருஷம் வெறுத்தேன்.
ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்கிற விஷயமா இது?

டயாலிசிஸ் முடிந்து தலை துவட்டும்போது பார்த்தேன்:
இடது காதுக்கு மேலே
ஹெட்செட் அழுத்தி அழுத்தி
முடி முளைக்காமல் போன ஒரு விரலகலத் தடம்.
எண்ணெய் தொட்டுத் தடவினேன்.
“லைன்ல யாரு?”
“நான்தான் அத்தே, ரெபேக்காள்.”
“பேசுங்க.”

என்ன பேச?
பால் விலை ஏறினது, ஆயருக்கு மாற்றல் வந்தது,
மாடி அறையில் மழை ஒழுகுவது,
அதற்கு ஆசீர் பக்கெட் வைத்தது,
பக்கெட்டும் ஒழுகினது.
பேசிக்கொண்டே இருந்தேன்.
கடிகாரம் எதிரில்தான் இருந்தது.

பதினோராம் நாள்
டாக்டர் எங்களைக் காரிடாருக்குக் கூப்பிட்டார்.
மெஷின் இருக்கிறவரை மூச்சு இருக்கும்.
ஒரு நாளைக்கு இவ்வளவு ஆகும்.
“எக்ஸ்டெண்ட் பண்ணணுமா? நீங்கதான் சொல்லணும்.”

ஆசீர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.
துபாயிலிருந்து வீடியோவில் வந்த நாத்தனாரின் படம்
வாய் திறந்தபடியே உறைந்துவிட்டது.
ஆயரின் ஸ்கூட்டர் இன்னும் ஹெண்ணூர் சிக்னலில்.
யாராவது பதில் சொல்ல வேண்டுமே.
நான் சொன்னேன்.
என்ன சொன்னாய் என்று
வீட்டில் இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

ஓசூர் ரோடு கல்லறையில் தூறல்.
அவருக்குப் பிடித்த பாட்டு எது என்று
மூத்தவருக்கும் இளையவருக்கும் தகராறு.
இரண்டையும் பாடினோம்.
இரண்டிலும் இரண்டாம் சரணம்
பாதிப் பேருக்கு வரவில்லை.

நினைவு ஆராதனையில் பேரன் நிதின் எழுந்து,
“மத்த வீட்ல வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வாங்க,
எங்க வீட்ல எஸ்டிடி கோடு” என்றான்.
கோயிலே சிரித்தது.
“நாகர்கோவில் பூஜ்யம் நாலு ஆறு அஞ்சு ரெண்டு.
திருநெல்வேலி பூஜ்யம் நாலு...”
அங்கே நின்றுவிட்டான்.
மைக் கொஞ்ச நேரம் இரைந்துகொண்டிருந்தது.
பின்வரிசையில் ஒரு கிழவி,
பழைய ஆபரேட்டராக இருக்கும்,
மிச்சத்தை முணுமுணுத்தாள்.

நேற்று வீட்டு லேண்ட்லைனை ஒப்படைக்கப் போனேன்.
டெபாசிட் கொஞ்சம் திரும்ப வருமாம்.
படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம்.
“எதையாவது எழுதுங்க மேடம்” என்றான் பையன்.
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.
எனக்குப் பின்னால் வரிசையில் யாரோ
நாணயத்தால் கம்பியைத் தட்டினார்கள்.