கோசோங்

தாய் செங்கில் அதிகாலை மூன்று இருபது.
ஐந்தாம் மாடி, ஜன்னல் இல்லாத கூடம்.
குளிருக்குப் போட்ட ஜாக்கெட்டின் கையில்
நேற்றைய மீ கோரெங் கறை.
ஒன்பது இரவாக நகலெடுப்பு நடக்கவில்லை.
ஒன்பது இரவாக என் ஸ்கிரிப்ட்
பதிவேட்டில் எழுதியிருக்கிறது: எல்லாம் சரி.

யார் சொன்ன பொய்?
ஸுல்கிஃப்லி போன மாதமே வேலையை விட்டு
பெர்த்துக்குப் போய்விட்டான்.
அவன்மேல் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஷெல்லில் சில பெயர்கள் நாம் வைத்தவை அல்ல.
நாம் பிறக்குமுன்பே இருந்த தெருப்பெயர்கள் மாதிரி,
கூப்பிட்டால் மதிப்போடு வந்து நிற்கும்.
அதில் ஒன்று
டாலர் குறி, ஒட்டி ஒரு கேள்விக்குறி.
இந்த ஊரில் பாதிப்பேர்
மாதக் கடைசியில் நெற்றியில் சுமப்பது.
சற்றுமுன் முடிந்த வேலை எப்படிப் போயிற்று
என்று அதனிடம் கேட்கலாம்.
பூஜ்யம் என்றால் நலம்.
மற்ற இருநூற்று ஐம்பத்தைந்தும்
இன்னின்ன விதத்தில் நலமில்லை.

கீழ்க்கடை அண்ட்டி
என்னைக் கண்டதும் உள்ளே குரல்கொடுப்பாள்:
தே ஓ கோசோங்.
பால் இல்லை, சர்க்கரை இல்லை,
அதுதான் எனக்குச் சரியான தேநீர்.
தொலைபேசி எண் சொல்லும்போதும்
அவளுக்குப் பூஜ்யம் கோசோங்தான்.

ஆனால் அந்த மாறிக்கு ஞாபகம் ஒரே ஒரு வரி.
அடுத்து எதைச் செய்தாலும்,
சும்மா ஒரு வாக்கியத்தைத் திரையில் அச்சிட்டாலும்,
பழைய பதிலை உதறிவிட்டு
அச்சிட்டதன் பதிலைப் பிடித்துக்கொள்ளும்.
அச்சிடுவதில் யார் தோற்கப்போகிறார்கள்?

வரி நாற்பத்திரண்டு: நகலெடு.
அது பதினொன்று என்றிருக்கிறது. வட்டில் இடமில்லை.
வரி நாற்பத்து மூன்று:
'நகல் வேலை முடிந்தது, நன்றி' என்று அச்சிடு.
வரி நாற்பத்து நான்கு: எப்படிப் போயிற்று?
கோசோங்.

அந்த நடுவரி நான் போட்டது.
பதிவேடு பார்க்க மரியாதையாக இருக்கட்டுமே என்று.

திருத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
பதிலை முதலில் ஒரு சொந்தப் பெயரில் எடுத்து வை,
பேச்செல்லாம் பிறகு.
மறுபடி ஓடவிட்டேன்.
பதினொன்று வந்தது, சிவப்பாக.
அழுகை வரும் என்று நினைக்கவில்லை.

போன ஞாயிறு, உட்லண்ட்ஸ், தம்பி வீட்டு லிஃப்ட்.
ஏழாவது மாடி தாண்டும்போது கிருபன்
பொத்தான்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான்,
"க்கா, என்னால முடியல."
கதவு திறந்தது. நான் கேட்டேன்,
"குப்பை கட்டி வச்சியே, போட்டுட்டியா?"
"போட்டாச்சு."
அதற்குள் அவன் முகம் சரியாகிவிட்டது.
"ஓகேதானே?" என்றேன்.
"ஓகே லா."

பின்னணிக்கு அனுப்பிய வேலையின் எண்ணை
ஆச்சரியக்குறியில் பத்திரமாக வைத்திருக்கும் மொழி இது.
அந்த எண்ணைக் காட்டி 'காத்திரு' என்றால்
அது முடிந்து
தன் உண்மையான பதிலைச் சொல்லும்வரை
அசையாமல் நிற்கும்.
ஆனால் தான் பெற்றதற்கு மட்டும்தான்.
உடன்பிறந்ததற்காக நிற்கப் பார்த்தால்
'இது உன் பிள்ளை இல்லை' என்று
முகத்தில் அறைந்தாற்போல் ஒரு வரி.
எங்கள் இருவருக்கும் பெற்றோர் எண் ஒன்றுதான்.
அது அங்கே செல்லாது.

பழைய கோப்புகளை அழித்து வட்டில் இடம் செய்தேன்.
வெய் ஜியேவுக்கு மின்னஞ்சல்:
தவறு என்னுடையது, வரி நாற்பத்து மூன்று.
ஏழு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து ரயில்,
பிஷானில் மாறி வடக்கே.
எதிர்த்திசையில் ஊரே வேலைக்கு வந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்தான், வாயில் பிரஷ்ஷோடு.
"என்னக்கா இந்நேரத்துல?"
என் நாக்கில் வந்ததெல்லாம் நடுவரிகள்.
சாப்பிட்டியா, மழை வருமா,
அம்மா போன் பண்ணாங்களா.
விழுங்கினேன்.
செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன்
அவன் நுரையைத் துப்பிவிட்டு வரும்வரை.