வலை விரித்திருந்த நாள்

எங்களுக்கு ஆழம் என்பது நேரம்.
ஒலி கீழே போய்
முட்டித் திரும்பிவர எடுக்கும் நேரம்.
இரண்டரை விநாடியில்
புவனகிரி மணற்கல்.
சிவப்பு, நீலம், சிவப்பு என்று
திரை முழுக்க ஜமுக்காளம்.

நடுவில் ஒரு வெள்ளை ஆப்பு,
மேலே அகன்று, கீழே போகப்போகக் குறுகி,
அடியில் புகைபோல ஏதோ மங்கல்.
பழுது என்று நினைத்துக்
கப்பலின் பதிவேட்டைப் புரட்டினேன்.

பிப்ரவரி பதினெட்டு, காலை ஐந்து நாற்பது.
கிளிஞ்சல்மேட்டுப் படகுகள் பதினொன்று.
வலை விரித்திருந்தார்கள். நகர மறுப்பு.
நான்கு கிலோமீட்டர் சுட இயலவில்லை.

வடக்கே ஒரு பிளவு வருகிறது.
தெற்கே ஒரு பிளவு வருகிறது.
இரண்டும் அந்த வெள்ளைக்குள் நுழைகின்றன.
உள்ளே கைகோத்திருந்தால்
சாய்ந்த மணற்கல்லுக்குக் கதவு உண்டு,
வந்த எண்ணெய் தங்கியிருக்கும்.
கோக்காவிட்டால்
மனிதன் என்ற சொல்லுக்கு முன்பே
எல்லாம் வழிந்து போயாயிற்று.

மென்பொருள் தயங்கவே இல்லை.
நேராக ஒரு கோடு இழுத்து
முடிந்தது என்றது.

டெல்பின் சேர்த்தாள்.
மன்னாரில் அவள் பார்த்த பிளவுகள் எல்லாம்
கடைசியில் சேர்ந்தனவாம்.
பரிமளகாந்தன் சேர்க்கவில்லை.
போன வருடம் அவர் கைகாட்டிய கிணற்றில்
உப்புத்தண்ணீர் வந்தது;
அதிலிருந்து எந்தக் கதவையும் அவர் நம்புவதில்லை.
நான்
சேர வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.
அதைக் கண்டுபிடிக்கவே
எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

நாலாம் நாள் வெள்ளையைப் பார்ப்பதை விட்டு
அதன் இரு கரைகளையும் பார்த்தேன்.
தெற்கே, பிளவை நெருங்க நெருங்க
அடுக்குகள் தடித்தன.
மண் விழவிழ அது இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.
வடக்கே எங்கும் ஒரே தடிமன்.
எல்லாம் படிந்து இறுகிய பிறகு
ஒரே மூச்சில் உடைந்தது அது.
ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இல்லை இரண்டும்.
பின்னால் பிறந்தது
முன்னதை எட்டித் தொட்டிருக்கலாம்.
அரை கிலோமீட்டர் தள்ளி நின்றுமிருக்கலாம்.

நிரவி அலுவலகத்தில் கூட்டம்.
ஒரு எண் சொல்லுங்கள் என்றார்கள்.
டெல்பின் நாற்பத்தைந்து.
பரிமளகாந்தன் பன்னிரண்டு.
இருபத்தெட்டு சதவீதம் என்றேன் நான்.
இருவரையும் கூட்டி இரண்டால் வகுத்தாலும்
ஏறக்குறைய அதுதான் வருகிறது என்று
யாரோ சிரித்தார்கள்.
நான்கு நாள் உழைப்பு
நடுநிலைமைபோல் தெரிந்ததில்
எனக்குக் காது சுட்டது.
கிணறு இருபத்தெட்டாய் இருக்காது.
இருக்கும், அல்லது இருக்காது.
இருபத்தெட்டு
என் அறியாமையின் அளவு மட்டும்.
அதையும் சரியாக அளக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஞாயிறு கிளிஞ்சல்மேட்டுக்குப் போனேன்.
ஏன் போனேன் என்று தெரியவில்லை.
பதினொன்றில் ஒரு படகு அஞ்சப்பனுடையது.
வலையில் சிக்கிய நண்டைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்:
"வவ்வால் ஓடுச்சு."
அவ்வளவுதான்.
கடலடி பற்றி, பார் பற்றி, நீரோட்டம் பற்றி
எனக்கு உதவுகிற ஒரு சொல் இல்லை.
எவ்வளவு கிடைத்தது?
"எங்க படகுக்கு மூணு கூடை."
அடுத்த தடவை கப்பல் வந்தால் நகருவீர்களா?
"மீன் ஓடலைன்னா."

திரும்பும் வழியில் அரசலாற்று முகத்துவாரம்.
ஐப்பசி வெள்ளத்துக்கு முன் இருந்த மணல்திட்டு
இப்போது பாலத்தின் பக்கம் நகர்ந்திருந்தது.
கீழே இரண்டரை விநாடியில் கிடக்கும் மணலும்
இப்படி நகர்ந்ததுதான்,
வேறு ஏதோ ஆற்றின் வாயில்.
எந்தப் பக்கம் என்று
அதற்கும் சொல்லத் தெரியவில்லை.

வரைபடத்தில்
தெரிந்த பிளவு முழுக்கோடு,
ஊகித்தது விட்டுவிட்ட கோடு.
அந்த நான்கு கிலோமீட்டரை
விட்டுவிட்டு வரைந்து
நுனியில் கேள்விக்குறி போட்டு அனுப்பினேன்.
டெல்லிக்குப் போகும் பிரதி
அச்சாகி வந்தபோது
வடக்கும் தெற்கும் ஒரே கறுப்பாக ஓடின.
அழகுக்காகச் சேர்த்தோம் மேடம், என்றான்
வரைபடப் பிரிவுப் பையன்.

பிளேடு இருக்கிறதா என்று கேட்டேன்.
மேசையில் குனிந்து
ஒவ்வொரு பிரதியிலும்
அந்தக் கோட்டைச் சுரண்ட ஆரம்பித்தேன்,
ஒரு மில்லிமீட்டர் விட்டு
ஒரு மில்லிமீட்டர்.