ஐம்பத்து மூன்றாம் பக்கம்

பரிசு கிடைத்த புத்தகத்தில்
ஐம்பத்து மூன்றாம் பக்கம் வெறும் வெள்ளை.
நடுவர்கள் அதைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார்கள்.
இந்த ஆண்டின் மிகத் துணிச்சலான பக்கமாம்.

வின்டர்தூர். நவம்பர். சனிக்கிழமை பின்னேரம்.
நாற்பது கதிரைகள், தட்டில் சீஸ், வெள்ளை வைன்.
இங்கிருந்து நேரே இரவு வேலை என்பதால்
என் கைப்பைக்குள் ரப்பர் சப்பாத்து.

மேடையில் ஊர்சினா, இஸ்திரி போடாத சட்டையோடு.
பதினாலு மாதம் எங்களோடு கண் முழித்தவள்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
கமராக் கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க
ஸ்வெட்டருக்குள் அதை அணைத்து வைத்திருப்பாள்,
காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல.
முதல் மாதம் ஒரு படமும் எடுக்கவில்லை.
விரிப்பு மடிக்கப் பழகினாள்.
படுமோசமாக மடித்தாள்.

"இந்தப் படங்களின் நிசப்தம்..." என்று தொடங்கினார் நடுவர்,
மூக்குக் கண்ணாடியைக் கழற்றி.
நிசப்தமா!
தொண்ணூறு பாகையில் எட்டு உருளைகள் சுற்றுகிற இடம் அது.
என்னைக் கூப்பிட வேண்டுமென்றால்
மிலிட்சா துவாய் எறிவாள்.
கொதிபிடித்த நாளில் ஈரத்துவாய்.

பிறகு அந்தப் பக்கத்துக்கு வந்தார்.
ஜெர்மன் பாதிதான் விளங்கியது:
இல்லாதவரின் உருவம்,
கண்ணில் படாத உழைப்பின் துக்கம்.
பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்.

நான் சொல்லட்டுமா?

அதில் இருந்தது நான்.
விடிய மூன்று இருபது.
உலர்ந்து வந்த விரிப்புக் குவியலில்
அடுப்படிப் பூனை மாதிரிச் சுருண்டு,
வாய் திறந்து, ஒரு சப்பாத்துக் கழன்று,
நல்ல நித்திரை.

மாதிரிப் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தாள்.
அவளே தைத்தது. முதுகில் பசை இன்னும் காயவில்லை.
தேத்தண்ணி ஆறும்வரை பார்த்தேன்.
நல்ல படம். அதுதான் கரைச்சல்.
மேற்பார்வையாளர் சூம்ஸ்டைன் கண்டால்
பதினொரு நிமிடத்தைச் சம்பளத்தில் வெட்டுவார்.
அதுகூடப் பரவாயில்லை.
சுன்னாகத்தில் தமக்கைக்கு
'ஆஸ்பத்திரியில் வேலை' என்றுதான் சொல்லியிருக்கிறேன்,
இருபத்திரண்டு வருடமாக.
பொய்யில்லை.
ஆனால் வெள்ளாவிக்கென்று நாங்கள் ஒரு சாதி வைத்திருந்தோம்.
படலைக்கு வெளியே நிறுத்தி மூட்டையைக் கொடுத்தோம்.
பெயர் கேட்டதில்லை.
அந்த மூட்டைதான் இப்போது
பெல்ட்டில் என்னை நோக்கி வருகிறது, நிற்காமல்.
இதையெல்லாம்
ஒரு படத்துக்கடியில் சின்ன எழுத்தில் போட முடியுமா?

"எடுத்துவிடு" என்றேன்.
அவள் வாதாடவில்லை.
பென்சிலால் மூலைக்கு மூலை ஒரு கோடு.
பிறகு அச்சகத்தில் கேட்டார்களாம்:
பதினாறு பதினாறாக மடிக்கிற தாள்,
ஒரு பக்கத்தை உருவினால் தையல் குலையும்,
வேறு படம் தரலாமே என்று.
"வேண்டாம், அது அவவின் இடம்.
அப்படியே கிடக்கட்டும்" என்றாளாம்.
இதை அவள் மேடையில் சொல்லவில்லை.
துணிச்சல் என்றபோது மட்டும்
என்னைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினாள்.

விலை அறுபத்தெட்டு பிராங்.
எனக்கொன்று சும்மா.
நன்றிப் பட்டியலில் மிலிட்சாவுக்குக் கீழே
தவமலர். ஓர் எழுத்துக் குறைவு.
பரவாயில்லை, பெயர் கேட்டிருக்கிறாள்.

மேசையருகில் ஒரு இளம்பெண்
அந்த வெள்ளையிலேயே நெடுநேரம் நின்றாள்.
விளக்குக்குச் சாய்த்துப் பார்த்தாள்.
தாள் மெல்லிசு.
மறுபக்கத்து ஆவி கசிந்து தெரிந்திருக்கும்.
பிறகு உள்ளங்கையைப் பக்கத்தின்மேல் வைத்தாள்.

மெல்லப் பிள்ளை, எழுப்பிப்போடாதை,
என்று வாய்வரை வந்தது.

கழிவறையில் சப்பாத்தை மாற்றினேன்.
ஒன்பது நாற்பதுக்கு பஸ்.